நோர்டன் அலமாரியில் இரண்டாயிரம் மணித்தியாலம்

அரியரத்தினம் தன்னுடைய மூன்று பத்திரங்களையும் மேசையில் வைத்துவிட்டுக் கைகளை மடியில் கோத்துக்கொண்டார். ஒன்று பிரிட்டனில் பெற்ற விமானி லைசன்ஸ். மற்றது மேற்கு ஜெர்மனியில் பெற்றது. மூன்றாவது ஒரே ஒரு தாள். ஒல்லாந்து அரசின் முத்திரை குத்திய அதன் மடிப்புகள் தேய்ந்து நூலாகியிருந்தன.

1974ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம். சிட்னி நகரில், விமானிகளுக்கு லைசன்ஸ் கொடுக்கும் அலுவலகத்தின் நாலாம் மாடி. எதிரே இருந்த அதிகாரியின் பெயர் டொயில். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைக் கண்ணருகே பிடித்து வாசிக்கிற மனிதர்.

"ஒரே ஆளுக்கு மூன்று நாடு எதற்கு?"

"விமானத்தின் உடம்பில் எழுதியிருக்கிற எழுத்துக்காக."

டொயிலுக்கு அது தெரியாத சங்கதியில்லை. கேட்டுவிட்டுத் தானே தலையாட்டிக்கொண்டார். ஒரு விமானம் எந்த நாட்டில் பதியப்பட்டதோ அந்த நாட்டின் எழுத்து அதன் உடம்பில் இருக்கும். பிரிட்டனுக்கு ஜி. ஜெர்மனிக்கு டி. ஒல்லாந்துக்கு பி.எச். அதை ஓட்டுகிறவரிடம் அந்த நாட்டு லைசன்ஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால், வேறு நாட்டு லைசன்ஸை ஏற்றுக்கொள்கிறோம் என்று அந்த நாடு எழுதிக் கொடுத்த தாளாவது இருக்க வேண்டும். வடகடலுக்கு மேலே பறக்கும்போது எந்த இடத்தில் ஒரு நாடு முடிந்து மற்றது தொடங்குகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. தாளில்தான் தெரியும்.

"மூன்றுமே காலாவதியாகிவிட்டன," என்றார் டொயில்.

"எழுபதாம் ஆண்டுக்குப் பிறகு நான் பறக்கவில்லை."

"பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் எழுதிக் கேட்க வேண்டும். இவை உண்மையானவை என்று அவர்கள் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு எங்கள் சட்டத்தில் ஒரு பரீட்சை, வைத்தியப் பரிசோதனை, ஆகாயத்தில் ஒரு சோதனை. மாதங்கள் ஆகும், மிஸ்டர் அரி... மன்னிக்கவும், இதை எப்படிச் சொல்வது?"

"அரி என்றே சொல்லுங்கள்."

அங்கிருந்து வெளியே வந்து ரயிலேறி, வென்ட்வேர்த்வில் ஸ்ரேசனில் இறங்கி வீட்டுக்கு நடந்தபோது அவருக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. மாதங்கள்தானே. முப்பத்தொன்பது வயது ஒரு விமானிக்குப் பெரிய வயதில்லை.

அவர் யாழ்ப்பாணத்துத் தபாலதிபர் ஒருவரின் மூன்றாவது மகன். ஐம்பத்தெட்டாம் ஆண்டு லண்டனுக்குப் போய், தபால் நிலையத்தில் கடிதம் பிரித்து, அந்தச் சம்பளத்தில் பறக்கப் படித்தார். சம்பளம் பெற்று விமானம் ஓட்டும் லைசன்ஸை அறுபத்துமூன்றில் எடுத்தார். எடுத்த பிறகு பிரிட்டனில் அவரைக் கூப்பிட ஒரு கொம்பனியும் இல்லை. இருபத்தேழு விண்ணப்பம் போட்டார். இருபத்தெட்டாவதை ஜெர்மனிக்குப் போட்டார்.

வடக்கே, கடற்கரையில் நோர்டன் என்று ஒரு சின்ன ஊர். அங்கிருந்து பக்கத்துத் தீவுகளுக்குத் தபாலும் பாண் ரொட்டியும் நோயாளிகளும் கோடைகாலத்தில் உல்லாசப் பயணிகளும் கொண்டுபோகிற கொம்பனி ஒன்று நாலு சின்ன விமானம் வைத்திருந்தது. முதல் வருடம் பிரிட்டிஷ் லைசன்ஸை ஜெர்மனி ஏற்றுக்கொண்ட தாளோடு ஓட்டினார். பிறகு ஜெர்மன் மொழியில் சட்டப் பரீட்சை எழுதி ஜெர்மன் லைசன்ஸே வாங்கினார். கோடையில் கொம்பனி ஒல்லாந்து விமானமொன்றை வாடகைக்கு எடுக்கும். அதற்குத்தான் அந்தத் தாள். அப்படி ஆறு வருடம். எழுபதாம் ஆண்டு, தாய்க்கு வருத்தம் கடுமை என்று தந்தி வந்து, ஆறு கிழமை லீவில் யாழ்ப்பாணம் போனவர் திரும்பிப் போகவில்லை. தாய் பிழைத்துக்கொண்டார். அரியரத்தினத்துக்குக் கல்யாணம் நடந்தது.

பெண் சத்தியபாமா. நேர்ஸ். கொழும்பில் மூன்று வருடம் இருந்தார்கள். அரியரத்தினம் ஒரு கப்பல் முகவர் நிலையத்தில் எழுதுவினைஞராக இருந்தார். அவுஸ்திரேலியா வெள்ளைக்காரரல்லாதவர்களையும் எடுக்கிறது என்று தெரிந்ததும் விண்ணப்பித்தது சத்தியபாமாதான். அவருடைய தொழிலுக்குத்தான் விசா கிடைத்தது. பரமட்டாவில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்தது. அங்கேயும் அவர் படித்த படிப்பை ஒப்புக்கொள்ள மூன்று மாதம் எடுத்தது, அதற்குமேல் இல்லை.

அரியரத்தினத்துக்கு பாங்ஸ்டவுன் விமானத்தளத்தில் வேலை. பெற்றோல் வண்டியை ஓட்டிப்போய், நிற்கிற சின்ன விமானங்களுக்கு எண்ணெய் நிரப்புவது. ஏணியில் ஏறி, சிறகின் மேல் மூடியைத் திறந்து குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, பக்கத்தில் எழுதியிருக்கும் வி.எச். என்ற எழுத்துகளை வாசிப்பார். இந்த நாட்டின் எழுத்து அது. இன்னும் நம்முடையதில்லை என்று நினைத்துக்கொள்வார்.

பின்னேரங்களில் படித்தார். குசினி மேசையில் சத்தியபாமா கேள்விப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேட்பார். விமானத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, ஏறினால் பயம்தான். கொழும்பிலிருந்து வந்தபோதுகூடக் கணவர் முதலில் பறந்து வந்து வீடு பார்க்க, அவர் பின்னால் கப்பலில் வந்தவர்.

"காற்றழுத்தம் குறைஞ்ச இடத்தைச் சுத்திக் காத்து எந்தப் பக்கமா வீசும்?"

"இடம்சுழியா."

"பிழை. வலம்சுழியா எண்டு போட்டிருக்கு."

அவர் தலையில் கையை வைத்தார். "அது வடக்கிலை, பாமா. இஞ்சை எல்லாம் மறுவளம். திசைகாட்டியும் அப்பிடித்தான். அங்கை வடக்குக்குத் திருப்பேக்கை ஊசி பிந்தி வரும். அதாலை கொஞ்சம் முந்தியே திருப்பத்தை விட்டு விமானத்தை நிமிர்த்த வேணும். இஞ்சை தாண்டிப் போய்த்தான் நிமிர்த்த வேணும். ஆறு வருசம் கை பழகினது."

"அப்ப கையை மறக்கச் சொல்லுங்கோ," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கேள்விக்குப் போனார்.

ஓகஸ்ட் மாதம் டொயில் கூப்பிட்டனுப்பினார். இரண்டு நாடுகளிலிருந்தும் பதில் வந்திருந்தது. பிரிட்டன், லைசன்ஸ் உண்மைதான், ஆனால் அறுபத்துநாலுக்குப் பிறகு அவர் பறந்தது எல்லாம் ஜெர்மனியில், அவர்களைக் கேளுங்கள் என்றது. ஜெர்மனியும் லைசன்ஸ் உண்மைதான் என்றது. அவர் எத்தனை மணித்தியாலம் பறந்தார் என்பதற்கு அவருடைய பறப்புப் புத்தகமே சான்று. கொம்பனியைக் கேட்கலாமென்றால் கொம்பனி மூடப்பட்டுவிட்டது என்றும் எழுதியிருந்தது.

"பறப்புப் புத்தகம் இருக்கிறதா?" என்று டொயில் கேட்டார்.

அரியரத்தினம் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு பறப்பையும் விமானி தன் கையால் எழுதி வைக்கிற புத்தகம். தகப்பனுக்குக் காட்டலாமென்று ஊருக்குக் கொண்டுபோனது. அதில் இருந்தவை முந்நூற்றுப் பத்து மணித்தியாலம்.

"இது முதலாவது. இரண்டாவது?"

"அது தொலைந்துவிட்டது."

டொயில் புத்தகத்தை மூடினார். "இரண்டாயிரம் மணித்தியாலம் பறந்த ஆளுக்கு நான் செய்யக்கூடியது ஒன்று. முந்நூறு மணித்தியாலக்காரருக்குச் செய்யக்கூடியது வேறு. நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நான் நம்புவதை ஃபைலில் வைக்க முடியாது. தேடிப் பாருங்கள், அரி."

அதற்குப் பிறகு அவர் படிப்பதை விட்டுவிட்டார். கேள்விப் புத்தகம் குசினி மேசையிலிருந்து அலமாரிக்குப் போனது. சத்தியபாமா கேட்டபோது, "இன்னும் பதில் வரேல்லை," என்றார். ஒரு மாதம் கழித்துக் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். பெற்றோல் வண்டிக்குப் பொறுப்பாளராக ஆக்கப் போகிறார்களாம் என்று அவராகவே ஒருநாள் சொன்னார். அதைச் சொன்ன குரலில் மகிழ்ச்சி இருக்க வேண்டும் என்று அவர் முயன்றது சத்தியபாமாவுக்குத் தெரிந்தது. நோயாளிகள் நோவு இல்லை என்று சொல்லும் குரலைத் தினமும் கேட்கிறவர் அவர்.

ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தியபாமா சட்டைகளை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார். கணவரின் கோட்டுப் பைக்குள் டொயிலின் கடிதம் இருந்தது. தேடி எடுத்ததல்ல, பையை வெளியே இழுத்துவிட்டபோது விழுந்தது. 'உங்கள் இரண்டாவது பறப்புப் புத்தகத்துக்காகக் காத்திருக்கிறேன்' என்று அதில் இருந்தது. திகதி செப்ரெம்பர் நாலு.

அவர் அயர்னை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கணவரின் கதிரைக்கு முன்னால் நின்றார்.

"இந்தப் புத்தகம் எங்கை தொலைஞ்சது?"

"தெரியேல்லை."

"நீங்கள் ஒரு பென்சிலைக்கூடத் தொலைக்கிற ஆளில்லை."

அரியரத்தினம் ஜன்னலைப் பார்த்தார். பின்வளவில் பக்கத்து வீட்டுக்காரரின் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னார்.

"தொலையேல்லை. நோர்டனிலை, நான் இருந்த வீட்டு அறையிலை கிடக்கு. அலமாரியின்ரை மேல் தட்டிலை. ஆறு கிழமையிலை வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

"அப்ப ஒரு கடிதம் போட்டால் அனுப்பியிருப்பினமே. ஏன் போடேல்லை?"

சத்தியபாமா எதிர்க் கதிரையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த பிறகுதான் அரியரத்தினத்துக்குச் சொல்ல முடிந்தது.

"அந்த வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரு மகள். வீப்கே எண்டு பேர். பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சவ. நாங்கள் ரெண்டுபேரும்..." நிறுத்தினார். "பேச்சு ஒண்டும் முடிவாகேல்லை. ஆனால் நான் திரும்பி வருவன் எண்டு அவ நினைச்சவ. நானும் அப்பிடித்தான் நினைச்சனான். ஊரிலை அம்மா கிடந்த கிடையிலை கலியாணம் எண்டு கேட்டவ. நான் ஓம் எண்டிட்டன். கொம்பனிக்கு வேலையை விடுறன் எண்டு எழுதினன். அந்த வீட்டுக்கு ஒரு வரி எழுதேல்லை. என்னெண்டு எழுதுறது?"

சத்தியபாமா எழுந்து குசினிக்குள் போனார். அயர்னை நிறுத்திவிட்டு, மிச்சச் சட்டைகளை மடிக்காமலே வைத்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு நாள் அவர் தேவைக்கு மட்டும் பேசினார். சாப்பாடு மூடி வைத்திருந்தது, கோட்டுக்குப் பொத்தான் தைத்திருந்தது. ஆனால் கதை இல்லை. அரியரத்தினம் சமாதானம் சொல்ல முயலவில்லை. எதைச் சொன்னாலும் யாராவது ஒருவருக்குத் துரோகமாக இருக்கும்போல அவருக்குத் தோன்றியது. மூன்றாம் நாள் காலை, வேலைக்குப் புறப்பட்டவரை சத்தியபாமா வாசலில் நிறுத்தினார்.

"என்னைக் கட்டினதுக்காகக் கவலைப்பட்டனீங்களோ?"

"இல்லை."

"யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சுத்தான் சொல்லுறன். நான் கவலைப்பட்டது சொல்லாமல் வந்ததுக்கு. உம்மைக் கட்டினதுக்கு ஒரு நாளும் இல்லை."

அவர் சட்டைக் கழுத்தை சத்தியபாமா சரிசெய்தார். "அந்த வீட்டு விலாசத்தை எழுதி வைச்சிட்டுப் போங்கோ."

"பாமா, வேண்டாம். அவவைக் கரைச்சல்படுத்தக் கூடாது."

"நான் புத்தகத்தைத்தானே கேக்கப் போறன். உங்களையே கேக்கப் போறன்?"

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் தாதிமார் தேநீர் குடிக்கும் அறையில் இருந்து சத்தியபாமா அந்தக் கடிதத்தை எழுதினார். நாலு தரம் எழுதிக் கிழித்து ஐந்தாவதை அனுப்பினார். தான் யார் என்பதை முதல் வரியில் எழுதினார். கணவர் கேட்டு எழுதவில்லை, அவருக்கு எழுத வெட்கம், அந்த வெட்கம் நியாயமானது என்று எழுதினார். புத்தகம் இல்லாவிட்டால் அவரால் இனிப் பறக்க முடியாது என்று எழுதினார். எறிந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், குறையாக நினைக்க மாட்டேன் என்று முடித்தார்.

நவம்பர் போனது. டிசம்பர் பதினெட்டாம் திகதி, சத்தியபாமாவின் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. தடித்த கபிலநிறத் தாள், நூலால் இரண்டு சுற்று. உள்ளே, மெழுகுத்துணியில் சுற்றிய பறப்புப் புத்தகம். அதோடு அரியரத்தினம் பறக்கும்போது போட்ட ஒரு ஜோடி தோல் கையுறை. மேலே ஒரு கடிதம், கவனமான ஆங்கிலம்.

'அன்புள்ள திருமதி அரியரத்தினம். உங்கள் கடிதம் வந்த நாள் நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். அம்மா மூன்று வருடங்களுக்கு முன் இறந்துவிட்டார். அதற்கு முன், அறையை வேறு ஆளுக்குக் கொடுத்தபோது சாமான்களை எறியச் சொன்னார். கையுறையைத் தவிர மற்றவற்றைக் கொடுத்துவிட்டேன், புத்தகத்தை எறிய மனம் வரவில்லை. ஒரு மனிதன் ஆறு வருடம் தினமும் எழுதியது அது. நான் கோபமாக இருந்தேன், நெடுநாள் அல்ல. இப்போது எனக்குக் கணவரும் இரண்டு பெண் குழந்தைகளும் இருக்கிறார்கள். கடைசிப் பக்கங்களில் அலுவலக முத்திரை இல்லாமல் இருந்தது. கொம்பனியை நடத்தியவர் இன்னும் ஊரில்தான் இருக்கிறார். அவரைக் கொண்டு ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட வைத்து, நொத்தாரிசிடம் உறுதிப்படுத்தினேன். அங்கே கேட்பார்கள் என்று நினைத்தேன். உங்கள் கணவர் நல்ல விமானி. மூடுபனியில் ஒரு பிரசவக்காரியைத் தீவிலிருந்து கொண்டுவந்த நாளை இங்கே இன்னும் பேசுகிறார்கள். வீப்கே.'

அரியரத்தினம் வேலையால் வந்தபோது புத்தகம் மேசையில் இருந்தது. அவர் உட்காராமல் நின்றபடியே திறந்தார். தன் கையெழுத்து. ஒவ்வொரு பக்க அடியிலும் பழைய முதலாளியின் கோணல் கையெழுத்து, பக்கத்தில் நீல முத்திரை. கடிதத்தை வாசித்தார். முடித்ததும் கதிரையில் இருந்துகொண்டு இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். சத்தியபாமா பின்னால் வந்து அவர் தோளில் கையை வைத்தார்.

பிறகு, "பிரசவக்காரி கதை எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார்.

"அது பெரிய கதையில்லை."

"எனக்குச் சொல்லுங்கோ. நான் எத்தினை பிள்ளைப்பேறு பாத்தனான். ஆகாயத்திலை பாத்ததில்லை."

அவர் சொன்னார். சொல்லச் சொல்ல, எங்கே பனி கலைந்தது, எந்த வெளிச்சத்தைப் பார்த்து இறக்கினார் என்பதெல்லாம் வந்தது. அந்தப் பெண் முழுவழியும் ஜெர்மன் மொழியில் விமானியைத் திட்டிக்கொண்டே வந்தாள் என்றபோது சத்தியபாமா சிரித்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

"இப்ப நீங்கள் அவவுக்கு எழுத வேணும்," என்றார் அவர். "எனக்குச் சொன்னது காணாது. மன்னிப்பை அவவிட்டைத்தான் கேக்க வேணும்."

அரியரத்தினம் ஜெர்மன் மொழியில் ஒரு பக்கம் எழுதினார். சத்தியபாமா அதைத் தமிழில் சொல்லச் சொல்லவில்லை. முத்திரை ஒட்டி, தான் வேலைக்குப் போகிற வழியில் தபாலில் சேர்த்தார்.

டொயில் புத்தகத்தை ஒரு மணித்தியாலம் பார்த்தார். இரண்டாயிரத்து நூற்றுநாற்பது மணித்தியாலம் என்று கூட்டி, ஒரு தாளில் எழுதி ஃபைலில் வைத்தார். "யார் இதை இவ்வளவு ஒழுங்காகச் செய்தது?" என்று கேட்டார். "இரண்டு பெண்கள்," என்றார் அரியரத்தினம்.

சட்டப் பரீட்சையில் முதல் தடவை மூன்று புள்ளியால் தவறினார். இரண்டாம் தடவை தேறினார். வைத்தியர் கண்ணுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். எழுபத்தைந்து ஏப்ரலில் ஆகாயச் சோதனை. பக்கத்தில் இருந்த பரீட்சகர், திசைகாட்டியை மட்டும் பார்த்து வடக்குக்குத் திருப்பச் சொன்னபோது, அவருடைய கை வழக்கம்போல முந்தியே நிமிர்த்தப் போனது. போன கையை அவர் நிறுத்தினார். ஊசி வடக்கைத் தாண்டிப் போகும்வரை பொறுத்திருந்து நிமிர்த்தினார். விமானம் நேரே வடக்கில் நின்றது. பரீட்சகர் எதையோ எழுதிக்கொண்டு, "வீட்டுக்குப் போகலாம்," என்றார்.

பெரிய விமானக் கொம்பனிகள் நாற்பது வயதுக்காரரை எடுக்கவில்லை. அவர் அதை எதிர்பார்க்கவுமில்லை. அவர் எண்ணெய் நிரப்பிய விமானங்களிலேயே இரண்டுக்குச் சொந்தக்காரரான ஒருவர், காலையில் பத்திரிகைகளையும் மருந்துக் கடைப் பார்சல்களையும் உழவு இயந்திர உதிரிப்பாகங்களையும் உள்நாட்டுப் பட்டினங்களுக்குக் கொண்டுபோக ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு காலையும் அரியரத்தினத்தைக் கண்டு பழகியவர். லைசன்ஸைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், திங்கட்கிழமை வரச் சொன்னார்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, அந்தப் பட்டினங்களில் ஒன்றான மட்ஜிக்குப் போகிற பறப்பில் ஒரு இருக்கை காலியாக இருந்தது. முதலாளியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு அவர் சத்தியபாமாவைக் கூப்பிட்டார்.

"எனக்குப் பயம் எண்டு தெரியுமெல்லே."

"தெரியும். வேண்டாமெண்டால் வேண்டாம்."

"வாறன்," என்றார் அவர். "வரமாட்டன் எண்டு சொல்லேல்லை."

முதல் நாள் ஆஸ்பத்திரியில் ஆள் குறைந்ததால் இரண்டு ஷிப்ட் வேலையைச் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கம்பளிச் சட்டைக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் சால்வை. விமானம் ஓடத் தொடங்கியபோது இருக்கையின் இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். சக்கரம் நிலத்தை விட்டபோது, "முருகா," என்று ஒருதரம் மெதுவாகச் சொன்னார். அரியரத்தினம் அதிகம் சாய்க்காமல், சிறகு ஆடாமல், பாலில் ஆடை கலையாமல் பாத்திரத்தைத் தூக்குகிறவரைப்போல விமானத்தை மேலே ஏற்றினார்.

நீல மலைகளுக்கு மேலே வெயில் வந்தபோது சத்தியபாமா கண்ணைத் திறந்தார். கீழே மரங்கள் மூடிய பள்ளத்தாக்கும், ஒரு மெல்லிய வெள்ளை வீதியும் தெரிந்தன.

"இவ்வளவு மெதுவாப் போகுமே?"

"மெதுவா இல்லை. மேலை இருந்து பாக்க அப்பிடி இருக்கும்."

"நல்லாத்தான் இருக்கு," என்றார். கையை இருக்கையிலிருந்து எடுத்து மடியில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் எஞ்சினின் ஒரே சத்தத்தில் அவர் தலை பக்கவாட்டில் சாய்ந்தது. பிறகு கண்ணாடியில் சாய்ந்தது. சால்வை கழுத்திலிருந்து வழுக்கியது.

அரியரத்தினம் ஒரு கையால் சால்வையை இழுத்து அவர் தோளில் போட்டார். மட்ஜி தெரிந்ததும் வழக்கத்தைவிடத் தூரத்திலிருந்தே இறங்கத் தொடங்கி, சக்கரம் நிலத்தைத் தொட்டது தெரியாமல் இறக்கினார். பத்திரிகைக்காரரின் வண்டி வந்து நின்றது. அரியரத்தினம் இறங்கிப்போய், விரலை வாயில் வைத்துக் காட்டினார். பத்திரிகைக்காரர் எட்டிப் பார்த்து, தலையாட்டி, கட்டுகளைச் சத்தமில்லாமல் இறக்கிக்கொண்டு போனார்.

பிறகு அவர் திரும்பி ஏறித் தன் இருக்கையில் இருந்தார். அடுத்த பறப்புக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. புத்தகத்தை எடுத்து அன்றைய வரியை எழுதினார்: திகதி, விமானத்தின் எழுத்து, பாங்ஸ்டவுன் முதல் மட்ஜி வரை, ஒரு மணித்தியாலம் பத்து நிமிடம். பயணிகள் என்ற இடத்தில் ஒன்று என்று போட்டார். சத்தியபாமா தூங்கிக்கொண்டிருந்தார். அரியரத்தினம் பேனையை மூடி வைத்துவிட்டு, மனைவி தானாக எழும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.